டீசல் என்ற மனிதர்

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான், சுங்கை வட்டாரச் சாலைகளில் செம்பனைக் குலைகளைச் சுமந்து செல்லும் லாரிகளை எந்நாளும் காணலாம். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலத்தில், மணலும் நீரும் கலந்த குழம்பைப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றிய பம்புகளும் இதே வகை இயந்திரங்களால்தான் ஓடின. இரப்பர் தோட்டங்கள் பலவற்றில் மாலையானதும் லயங்களுக்கு விளக்கொளி தந்து, இரவில் குறித்த நேரத்தில் ஓய்ந்துவிடும் மின்னாக்கியும் இதன் இனமே. இவை குடிக்கும் எண்ணெயை டீசல் என்கிறோம். எண்ணெயின் பெயராகவே அது நம் நாவில் பழகிவிட்டது. உண்மையில் அது ஒரு குடும்பப் பெயர். ஒரு தோல் தொழிலாளியின் மகன் உலகிற்கு விட்டுச் சென்ற பெயர்.

ருடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியோடோர், தாயார் எலிஸ் இருவரும் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்பைத் தேடிப் பிரான்சுக்கு வந்தவர்கள். தியோடோர் தம் சிறிய பட்டறையில் தோற்பொருள்களைச் செய்து விற்றார். அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு செல்வது சிறுவன் ருடோல்ஃபின் வேலை. ஓய்வு கிடைத்தால் அவன் ஓடுவது நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு. அங்கே பழைய நீராவி வண்டியின் முன் அமர்ந்து அதன் பாகங்களைத் தாளில் வரைந்துகொண்டிருப்பான்.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பட்டறையையும் வீட்டையும் விட்டுவிட்டு டீசல் குடும்பம் லண்டனுக்கு அகதிகளாகச் சென்றது. அங்கு எல்லாருக்கும் சோறு போட வழியில்லை. ஆகவே, 12 வயதான ருடோல்ஃப் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டான். அந்த வீட்டுத் தலைவர் பார்னிக்கல் ஒரு தொழிற்பள்ளியில் கணிதம் கற்பித்தவர். பிழைக்க வழியின்றிப் பிள்ளையைப் பிரிந்த பெற்றோருக்கு அது பெருந்துயர். ஆயினும், அந்தப் பள்ளிதான் அவனை உருவாக்கியது. 14 வயதில், தான் பொறியியலாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். அவர்களோ அவன் விரைவில் சம்பாதிக்க வேண்டும் என்று விரும்பினர். அவன் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. உதவித்தொகை பெற்று 1875இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

ஆக்ஸ்பர்க் பள்ளியில் ஒரு சிறு கருவி இருந்தது. கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் தண்டைச் சட்டென்று அழுத்தினால், உள்ளே அடைபட்ட காற்று சூடேறி ஒரு துண்டுப் பஞ்சைப் பற்றவைத்துவிடும். தீக்குச்சியும் இல்லை, பொறியும் இல்லை. மலாய்த் தீவுக்கூட்டத்து மக்கள் இதே தத்துவத்தில் மரத்தாலும் கொம்பாலும் தீமூட்டும் கருவியை நெடுங்காலமாகச் செய்து பயன்படுத்தி வந்தனர்; ‘கோபெக் ஆப்பி’ என்பது அதன் மலாய்ப் பெயர். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்னும் இந்த எளிய உண்மைதான் பின்னாளில் டீசல் இயந்திரத்தின் உயிர்நாடியாயிற்று.

மியூனிக்கில் அவருக்கு வெப்ப இயலைக் கற்பித்தவர் பேராசிரியர் கார்ல் வொன் லிண்டே. குளிரூட்டும் இயந்திரத்துக்குப் பெயர் பெற்றவர் அவர். அக்காலத்து நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்பதை அவருடைய வகுப்பில் மாணவர் டீசல் அறிந்தார். எஞ்சிய வெப்பம் புகையாகவும் ஆவியாகவும் வீணாகிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது. நச்சுக்காய்ச்சலால் ஓராண்டுத் தேர்வைத் தவறவிட்ட அவர், 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார். பின்னர் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலைப் பணிக்காகப் பாரிசுக்குத் திரும்பினார். 1883இல் மார்த்தாவை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

பகலில் வேலை, இரவில் ஆராய்ச்சி என்று ஆண்டுகள் சென்றன. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியை வைத்து அவர் செய்த இயந்திரம் ஒருமுறை வெடித்தது. அவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அதன் பிறகே அவருடைய எண்ணம் காற்றின் பக்கம் திரும்பியது. உருளைக்குள் காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டனால் கடுமையாக அழுத்தி, அது கொதிநிலைக்கு வெகு மேலே சூடேறிய கணத்தில் எரிபொருளை உள்ளே செலுத்தினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும் அல்லவா? 1892இல் இதற்குக் காப்புரிமை கோரினார். மறு ஆண்டு அது கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் சோதனைக்குப் பணம் தர முன்வந்தன.

தாளில் எளிதாக இருந்தது பட்டறையில் எளிதாக இல்லை. 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் உள்ளே சென்றதும் பெரும் வெடிப்பு. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறித் தலைக்கு மேல் பறந்தது. உயிருக்கு ஆபத்தான அந்த நிகழ்ச்சியிலும் டீசலுக்கு மகிழ்ச்சிதான். அழுத்திய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கும் என்பது உறுதியாகிவிட்டதே! ஆனால், வெடிப்பது வேறு, ஓடுவது வேறு. 1894 பிப்ரவரியில்தான் இயந்திரம் முதன்முறையாகத் தன் சொந்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் சுழன்றது. அதை ஒழுங்காக ஓடவைக்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளை விழுங்கிய சிக்கல் எது? தீ அன்று, தெளிப்பு.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் முதுகுப் பம்பை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தண்ணீர் போன்ற மருந்து அதன் முனையில் புகைபோல விரிந்து வருகிறது. அதே பம்பில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? மெல்லிய கம்பிபோல் நேராகப் பீய்ச்சும். அல்லது சொட்டுச் சொட்டாக விழும். இயந்திரத்தின் உருளைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. எண்ணெய் கட்டியாக விழுந்தால் அதன் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும்; உள்ளே இருப்பது எரியாமல் கரியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைந்தால்தான் ஒவ்வொரு துளியும் சூடான காற்றில் ஆவியாகி முழுமையாக எரியும். அதற்குக் கிடைக்கும் நேரமோ கண் இமைப்பதற்கும் குறைவு.

டீசல் முதலில் எண்ணெயைப் பம்பினால் நேராக உள்ளே செலுத்திப் பார்த்தார். அன்றைய பம்புகளால் அதை நுண்துளிகளாக்க முடியவில்லை. கடைசியில், காற்றைக் கொண்டே எண்ணெயை உடைக்கும் வழிக்கு வந்தார். தனியான ஓர் அழுத்தி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு வரை காற்றை நெருக்கும். அந்தக் காற்று எண்ணெயைத் தன்னோடு அள்ளிக்கொண்டு உருளைக்குள் சீறும். இந்த முறை வென்றது. ஆனால், அழுத்தி கனமானது; விலை மிகுந்தது; இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை அதுவே தின்றது. அதனால்தான் டீசலின் ஆயுட்காலத்தில் அவருடைய இயந்திரம் கப்பலிலும் தொழிற்சாலையிலும் இடம் பிடித்தது, லாரியில் ஏறவில்லை.

1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அந்த இயந்திரத்தை முறைப்படி அளந்தார். ஆள் உயரத்தைவிட உயர்ந்த ஒற்றை உருளை. ஏறக்குறைய 20 குதிரைத்திறன். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. அந்த நாளில் வேறெந்த வெப்ப இயந்திரமும் எட்டாத அளவு அது. உலகெங்கும் இருந்து நிறுவனங்கள் உரிமம் கேட்டு வந்தன. அமெரிக்க உரிமையை மட்டும் பியர் தயாரிப்பாளர் அடோல்ஃபஸ் புஷ் ஒரு மில்லியன் மார்க்குக்கு வாங்கினார். தள்ளுவண்டி தள்ளிய சிறுவன் நாற்பது வயதுக்குள் செல்வந்தரானார்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய கண்டுபிடிப்புக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அதே கண்காட்சியில் இன்னொன்றும் நடந்தது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்று வைத்திருந்த சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது அவ்வளவு சீராக ஓடியதால், உள்ளே எரிவது கடலெண்ணெய் என்பது பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே தெரியவந்தது. டீசல் தம் இயந்திரத்தைக் கடலெண்ணெய்க்காகவே படைத்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. அவர் தொடக்கத்தில் நிலக்கரித் தூளைக்கூட எண்ணிப் பார்த்தவர். பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். கடலெண்ணெய் யோசனை பிரெஞ்சு அரசினுடையது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. அங்கே நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் கப்பலில் கொண்டு சேர்ப்பதைவிட விளைந்த இடத்தில் விளைந்ததையே எரிக்கலாம் என்று அது கணக்கிட்டது.

ஆனால், அந்த யோசனையை டீசல் மறக்கவில்லை. பின்னர் அவரே தாவர எண்ணெய்களைச் சோதித்தார். 1912இல் பொறியியலாளர்களிடம் பேசியபோது, அன்று அற்பமாகத் தோன்றும் தாவர எண்ணெய்கள் காலப்போக்கில் பெட்ரோலியத்துக்கு நிகராகக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். நிலத்தடி எண்ணெய் தீர்ந்தாலும் வெயில் தீராது. வெயில் இருக்கும்வரை செடிகொடிகள் எண்ணெய் தரும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவர் அவ்வாறு பேசிய காலத்தில் பேராக்கில் இரப்பர் தழைத்தோங்கியிருந்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கிய பயிர், காடுகளை விழுங்கித் தோட்டங்களாகப் பரவியிருந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் விடியுமுன் எழுந்து பால் மரங்களைச் சீவிக்கொண்டிருந்தனர். மலாயாவில் செம்பனை அப்போது அழகுக்காக வளர்க்கப்பட்ட மரம். அதன் முதல் வணிகத் தோட்டம் சிலாங்கூரில் தோன்றியது 1917இல்தான்.

டீசலின் புகழ் வளர்ந்த வேகத்தில் அவருடைய அமைதி தேய்ந்தது. காப்புரிமையை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. அவசரமாக விற்கப்பட்ட சில இயந்திரங்கள் பழுதாகித் திரும்பி வந்தன. உழைப்பும் கவலையும் சேர்ந்து அவர் உடல்நலத்தைக் குலைத்தன. சில காலம் ஓய்வில்லத்தில் தங்க நேர்ந்தது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் கரைந்தது. பொறியில் துல்லியமாகக் கணக்குப் போட்டவருக்குப் பணத்தில் அந்தக் கைத்திறம் வாய்க்கவில்லை.

அவரை வாட்டிய ஏமாற்றம் இன்னொன்றும் உண்டு. பெரிய நீராவி இயந்திரங்களை வாங்க வசதியுள்ள ஆலைகள், தம் தந்தையைப் போன்ற சிறு தொழிலாளிகளை நசுக்குவதை அவர் கண்டவர். மலிவான சிறிய இயந்திரம் ஒன்று கிடைத்தால் சிறு பட்டறைகளும் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தங்கள் ஆலைகளை நடத்தும் வழியைப் பற்றி 1903இல் ஒரு நூலும் எழுதினார். 10,000 படிகள் அச்சிடப்பட்டன. விற்றவை சில நூறுதான். அவருடைய இயந்திரமோ பெரிய நிறுவனங்களையே மேலும் பெரிதாக்கியது. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் கப்பல் டீசல் இயந்திரங்களோடு கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை வந்தது. புகைபோக்கி இல்லாத அந்தக் கப்பலைத் துறைமுகந்தோறும் மக்கள் வியந்து பார்த்தனர்.

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை டீசல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் புதிய இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் தொடக்க நிகழ்ச்சிக்கான பயணம் அது. நண்பர்களோடு உணவருந்தினார். இரவு பத்து மணியளவில், காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை காலியாக இருந்தது, படுக்கை கலையவில்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் மேல்தளக் கம்பியின் அருகே மடித்து வைக்கப்பட்டிருந்தன. பத்து நாள்களுக்குப் பின் நெதர்லாந்துப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டனர். அப்பொருள்கள் தந்தையுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் கண்டார். பயணத்துக்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார் டீசல். அதில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வற்றிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அந்த இரவில் நடந்தது என்ன என்பது எந்த விசாரணையிலும் முடிவாகவில்லை. அவருக்கு வயது 55.

அவர் விட்டுச் சென்ற தெளிப்புச் சிக்கலை அடுத்த தலைமுறை அவிழ்த்தது. 1920களில் ஜெர்மனியின் ராபர்ட் போஷ் நிறுவனம், காற்றின் துணையின்றி எண்ணெயை உயர் அழுத்தத்தில் செலுத்தும் சிறிய பம்பை உருவாக்கியது. கனத்த அழுத்தி கழன்றது. இயந்திரம் லாரியில் ஏறியது. பின்னர்ப் பேருந்திலும் இழுவை வண்டியிலும் ஏறியது. மலாயா ரயில்வே 1957இல் டீசல் எஞ்சின்களைத் தண்டவாளத்தில் இறக்கியது. ஈப்போ நிலையத்தில் நீராவி எஞ்சின்களின் கூவல் படிப்படியாக ஓய்ந்தது.

இந்த வளர்ச்சியில் தாவர எண்ணெய்க்கு ஓர் இழப்பு நேர்ந்தது. டீசலின் பழைய இயந்திரம் மெதுவாக ஓடுவது. சீறிவரும் காற்று எந்தக் கெட்டி எண்ணெயையும் பிய்த்தெறிந்துவிடும். அதனால்தான் கடலெண்ணெய் அதில் தடையின்றி எரிந்தது. புதிய இயந்திரமோ வேகமானது. எண்ணெய் புகும் துளைகள் தலைமுடியின் தடிமனை நெருங்குபவை. மெல்லிய பெட்ரோலிய டீசலுக்கென்றே அளந்து செய்யப்பட்டவை அவை. செம்பனை எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அதை அப்படியே ஊற்றினால் துளிகள் பெருத்து, துளை முனையில் கரி படிந்து, சில நாள்களில் இயந்திரம் திணறும்.

இயந்திரத்தை மாற்ற இயலாவிட்டால் எண்ணெயை மாற்ற வேண்டும். பெல்ஜிய ஆய்வாளர் ஷவான் 1937இல் அதற்கு வழி கண்டார். செம்பனை எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து, அதன் பெரிய மூலக்கூறுகளைச் சிறியவையாகப் பிரித்தார். கிளிசரின் தனியே ஒதுங்கியது. மறு ஆண்டு பிரசெல்ஸ் நகரிலிருந்து லூவன் நகருக்கு ஒரு பேருந்து அந்த எண்ணெயில் ஓடியது. உயிரி டீசல் எனப்படுவது இதுவே.

1960களுக்குப் பிறகு பேராக் தோட்டங்கள் பலவற்றில் பால் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தலைமுறைகளாகச் சீவல் கத்தி பிடித்த கைகள் குலை அறுக்கும் அரிவாளைப் பிடித்தன. வேலை இழந்த குடும்பங்கள் லயங்களை விட்டு ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. 1980களில் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் அந்த எண்ணெயை உயிரி டீசலாக மாற்றும் ஆய்வில் இறங்கியது. 36 மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்து இயந்திரங்கள் சோதனைக்கு எடுக்கப்பட்டன. சிலவற்றுக்கு வெறும் டீசல், சிலவற்றுக்குச் செம்பனை டீசல், சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி. ஒவ்வொன்றும் 300,000 கிலோமீட்டர் ஓடியது. செம்பனை டீசலும் ஈடுகொடுத்தது. 2011இல் 5 விழுக்காடாக எரிபொருள் நிலையங்களில் நுழைந்த செம்பனை டீசல், 2019இல் 10 விழுக்காடானது.

இருப்பினும், இரண்டு எண்ணெய்களும் ஒன்றுபோல் தெளிப்பதில்லை. கண்ணாடிச் சன்னல் பதித்த கலத்துக்குள் இரண்டையும் பீய்ச்சி, விநாடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்தால் வேறுபாடு தெரிகிறது. டீசலின் தெளிப்பு விரைவில் அகன்று கலைகிறது. செம்பனை டீசல் சற்றே கெட்டி; எடையும் சற்றுக் கூடுதல். அதன் தெளிப்பு ஒடுங்கலாக, மேலும் தொலைவு பாய்கிறது. துளிகள் சற்றுப் பெரியவை. ஆவியாக அதிக நேரம் எடுக்கின்றன. நெடுந்தொலைவு பாயும் துளி உருளையின் சுவரை நனைத்து, கீழே மசகு எண்ணெயோடு கலந்துவிடும் அபாயம் உண்டு. மறுபக்கம், செம்பனை டீசலின் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு உயிர்வளி. அது உள்ளிருந்தே எரிதலுக்கு உதவுவதால் கரும்புகை குறைகிறது. அது சற்று முன்னதாகவே தீப்பற்றும். ஆனால், ஒரு கிலோ எண்ணெய் தரும் வெப்பம் டீசலைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. குளிரில் அது எளிதாக மங்கி உறையத் தொடங்குவதால் மலைப்பகுதிகளுக்குத் தனிக் கவனம் தேவை.

ஆகவே, எண்ணெயைச் சற்றுச் சூடாக்கிப் பார்க்கின்றனர். அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கின்றனர். துளையின் வடிவையும் தெளிக்கும் கணத்தையும் மாற்றிப் பார்க்கின்றனர். ஆக்ஸ்பர்க் பட்டறையில் 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நடந்த அதே வேலை இன்று 2,000 மடங்கில், ஓரிரு மில்லி விநாடிக்குள் நடக்கிறது.